இணைப்பு வரும் நாளுக்கு முன் வீடு தயாராகட்டும்

பாடம்: வீட்டுக்குத் தொலைபேசி, இணைய இணைப்பு எடுப்பதைத் திட்டமிடுதல்
யாருக்காக: பூண்டுலோயாவிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் மீளக் குடியேறும் குடும்பங்களுக்காக

பாடசாலையிலோ, கோயில் மண்டபத்திலோ, உறவினர் வீட்டிலோ தங்கியிருந்துவிட்டு வீடு திரும்புகிறீர்கள். கூரைத் தகரம், தண்ணீர்க் குழாய், மலசலகூடம், பிள்ளைகளின் புத்தகப் பை எனக் கவனிக்க வேண்டியவை ஏராளம். இவற்றுக்கு நடுவில் தொலைபேசி இணைப்பைப் பற்றி நிதானமாக யோசிக்க யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. "கம்பனிக்காரர் வந்து பூட்டிவிட்டுப் போவார்" என்று விட்டுவிடுகிறோம். பிறகு அவர் வரும் நாளில் வீட்டில் ஆள் இருக்காது, பிளக் பொயின்ட் வேலை செய்யாது, அல்லது கேபிள் கொண்டுவர வழி இருக்காது. அவர் திரும்பிப் போய்விடுவார். நம் முறை மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போய்விடும்.

இந்தப் பாடம் சொல்லும் விடயம் ஒன்றுதான்: இணைப்பைப் பூட்டும் வேலையில் பாதி, கம்பனி ஆள் வருவதற்கு முன்பே நம் வீட்டில் முடிந்திருக்க வேண்டும். இடம், வகை, பாதை, கரண்ட், கடதாசி, ஆள் ஆகிய ஆறையும் வரிசையாகப் பார்ப்போம்.

ஏன் இது அவசரமான விடயம்?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் விடுக்கப்பட்டிருந்தது. ஆனாலும் மக்கள் அங்கேயே வாழ்ந்தார்கள். 2024 ஜூலை 30ஆம் திகதி கேரளத்தின் வயநாட்டில், முண்டக்கை, சூரல்மலை பகுதியில், மக்கள் உறங்கிக்கொண்டிருந்த அதிகாலை வேளையில் மண் சரிந்தது. அதுவும் தேயிலைத் தோட்டங்கள் உள்ள பகுதிதான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது நமது நுவரெலியா மாவட்டம் உட்பட மலையகம் முழுவதும் மண்சரிவு. பாதை, கரண்ட், தொலைபேசி மூன்றும் பல இடங்களில் ஒரே நேரத்தில் அறுந்துபோயின.

இந்த மூன்றிலிருந்தும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று. எச்சரிக்கை வீடு வரை வந்து சேர வேண்டும். இரவில் வந்தாலும் அது காதில் விழ வேண்டும். கரண்ட் போனாலும் செய்தி வர ஒரு வழி இருக்க வேண்டும். வீட்டு இணைப்பைத் திட்டமிடும்போது இந்த மூன்றையும் மனதில் வைத்திருங்கள். பிள்ளைகளின் படிப்பும் இருக்கிறது. 2020, 2021 கொவிட் காலத்தில் சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறிய பிள்ளைகளை மலையகம் மறக்கவில்லை.

1. இடம்: முதலில் வீடு, பிறகு இணைப்பு

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் இடத்தைப் பார்த்து, அங்கே திரும்பக் குடியிருக்கலாம் என்று சொல்லியிருக்கிறதா? கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். அந்தப் பதில் வரும்வரை எந்த இணைப்புக்கும் நீண்டகால ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்திலும் அப்படித்தான். ஒரு வருடம், இரண்டு வருடம் என்று கட்டாயக் காலம் உள்ள ஒப்பந்தத்தை இடையில் முறித்தால், சில கம்பனிகள் மீதிக் காலத்துக்கும் பணம் கேட்கும். அதுவரை கைத்தொலைபேசியும் ரீலோட்டும் போதும்.

பழைய வீட்டில் இணைப்பு இருந்து, வீடு உடைந்துபோயிருந்தால், உடனே கம்பனிக்கு அறிவித்து இணைப்பைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லுங்கள். இல்லையென்றால் நீங்கள் பாவிக்காத இணைப்புக்கு மாதாந்தக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். அறிவித்த திகதியையும் அவர்கள் தரும் முறைப்பாட்டு இலக்கத்தையும் எழுதி வையுங்கள். பழைய ரவுட்டர் மண்ணில் நனைந்து கிடந்தாலும் எறிய வேண்டாம். அது கம்பனியின் சொத்தாக இருக்கலாம். திருப்பிக் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.

2. வகை: நமக்கு எது பொருந்தும்?

வீட்டுக்கு இணைப்பு மூன்று விதமாக வரலாம்.

முதலாவது, கேபிள். பழைய செப்புக் கம்பி இணைப்பும் புதிய கண்ணாடி இழை இணைப்பும் இதில் அடங்கும். பாதையோரக் கம்பத்தில் உள்ள சிறிய பெட்டியிலிருந்து உங்கள் வீட்டுக்கு ஒரு கேபிள் வரும். இணையம் வேகமாகவும் நிலையாகவும் இருக்கும். ஆனால் அந்தப் பெட்டி உங்கள் வீட்டுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, 4ஜி ரவுட்டர். இதற்குக் கேபிள் வேண்டாம். டவரிலிருந்து வரும் சிக்னலைப் பிடித்து வீட்டுக்குள் தரும். இடம் மாறினால் கையில் எடுத்துப் போகலாம் என்பது மீளக் குடியேறும் குடும்பத்துக்கு நல்ல வசதி. ஆனாலும் இடம் மாற்றிப் பாவிக்க அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

மூன்றாவது, கைத்தொலைபேசி மட்டும். ஒரு வீட்டுக்கு இதுவே போதும் என்றால் வீண் செலவு வேண்டாம்.

4ஜி எடுப்பதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். அயலவர்களிடம் வெவ்வேறு கம்பனி சிம் உள்ள போன்களைக் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்குள் மூன்று இடங்களில், காலையிலும் இரவு ஏழு எட்டு மணிக்கும் பாருங்கள். இரவில் எல்லோரும் பாவிப்பதால் வேகம் குறையும். அந்த வேகம்தான் பிள்ளை படிக்கும் நேரத்தில் உங்களுக்குக் கிடைக்கப் போகும் வேகம். நமது மலைப் பகுதியில் ஒரு மேடு மறைத்தாலே சிக்னல் இல்லாமல் போகும். ஒரு லயத்தின் முன்பக்கத்தில் கிடைப்பது பின்பக்கத்தில் கிடைக்காது. லயத்தின் தடித்த கல் சுவரும் தகரக் கூரையும் சிக்னலைத் தடுக்கும். ஆகவே ரவுட்டரை அலுமாரிக்குள்ளோ சாமித் தட்டுக்குப் பின்னாலோ மறைத்து வைக்காமல், டவர் இருக்கும் பக்கத்து யன்னலுக்கு அருகில் வையுங்கள். அடுப்புப் புகையும் மழைச் சாரலும் படாத இடமாக இருக்கட்டும்.

3. பாதை: கம்பத்திலிருந்து வாசல் வரை

கேபிள் இணைப்பு எடுப்பவர்கள் ஒரு நாள் வெளிச்சத்தில் வாசலிலிருந்து கம்பம் வரை நடந்து பாருங்கள். ஒரு தாளில் படம் வரையுங்கள். கம்பம், பாதை, படிக்கட்டு, கான், பெரிய மரம், மண் மேடு எல்லாவற்றையும் குறியுங்கள். அடிக்கணக்கில் தூரத்தை அளந்து எழுதினால் இன்னும் நல்லது. விண்ணப்பிக்கும்போது இந்தப் படத்தைக் காட்டுங்கள். எவ்வளவு கேபிள் வேண்டும், ஏணி வேண்டுமா, புதுக் கம்பம் நட வேண்டுமா என்பதைக் கம்பனி முன்கூட்டியே கணக்குப் பார்க்க இது உதவும். புதுக் கம்பம் நட வேண்டியிருந்தால், அந்த நிலம் யாருடையது, தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டுமா என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள்.

மூன்று விடயங்களில் கவனம் தேவை.

கேபிளை மரத்திலோ, தண்ணீர்க் குழாயிலோ, கூரை மரத்திலோ நீங்களாகக் கட்டாதீர்கள். கண்ணாடி இழைக் கேபிளைக் கூர்மையாக மடித்தால் உள்ளே ஒளி போகாது. ஆணி அடித்தால் முறியும்.

வீட்டுக்குப் பின்னாலுள்ள மண் மேட்டை வெட்டிக் கேபிள் புதைக்க வேண்டாம். வெட்டிய இடத்தில் மழைத் தண்ணீர் இறங்கினால் மேடு பலமிழக்கும்.

கம்பத்தைப் பாருங்கள். நேராக நின்ற கம்பம் சாய்ந்திருக்கிறதா? தொய்ந்து கிடந்த கம்பி திடீரென இழுபட்டு விறைப்பாக இருக்கிறதா? அருகில் நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரங்கள், கலங்கிய ஊற்று ஏதும் உண்டா? இவை நிலம் நகர்வதன் அடையாளங்களாக இருக்கலாம். இதைக் கம்பனிக்கு மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். கிராம உத்தியோகத்தருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அறிவியுங்கள்.

கீழே விழுந்து கிடக்கும் எந்தக் கம்பியையும் தொட வேண்டாம். தொலைபேசிக் கம்பி என்று நினைப்பது கரண்ட் கம்பியாக இருக்கலாம். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

4. கரண்ட்: ரவுட்டருக்கும் சாப்பாடு வேண்டும்

பழைய செப்புக் கம்பித் தொலைபேசி, தனக்கு வேண்டிய மின்சாரத்தை அந்தக் கம்பி வழியாகவே பரிமாற்ற நிலையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். அதனால் வீட்டில் கரண்ட் போனாலும் பேசலாம். கண்ணாடி இழை இணைப்பும் 4ஜி ரவுட்டரும் அப்படியல்ல. வீட்டில் கரண்ட் போனால் அவையும் நின்றுவிடும். மழை இரவில் முதலில் போவது கரண்ட்தான் என்பது நமக்குத் தெரிந்ததே.

ஆகவே இவற்றைச் செய்யுங்கள்:

தண்ணீர் புகுந்த வீடாக இருந்தால், தகுதியுள்ள மின்வேலையாளர் ஒருவர் வயரிங்கைப் பார்த்து, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று சோதித்த பிறகே எதையும் பிளக்கில் போடுங்கள்.

ரவுட்டர் வைக்கும் இடத்துக்கு அருகில் ஒரு பிளக் பொயின்ட் தனியாக இருக்கட்டும். பக்கத்து அறையிலிருந்து வயர் இழுத்துக் கொடுக்க வேண்டாம்.

வசதி இருந்தால் ரவுட்டருக்கான சிறிய பற்றரிப் பெட்டி ஒன்று வாங்குங்கள். கடையில் இதை மினி யூபிஎஸ் என்பார்கள். பல ரவுட்டர்கள் 12 வோல்ட்டில் இயங்குபவை. ஆனாலும் உங்கள் ரவுட்டரின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட் அளவைப் பார்த்தே வாங்குங்கள். சிறிய பெட்டி ஒன்று இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும்.

மின்கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள். 12 வாட் ரவுட்டர் இரவு பகலாக எரிந்தால் 30 நாளில் ஏறக்குறைய 9 யூனிட் ஆகும். உங்கள் வீட்டுப் பாவனை 30 அல்லது 60 யூனிட்டின் ஓரத்தில் இருந்தால், இந்த 9 யூனிட் உங்களை அடுத்த கட்டணப் படிக்குத் தள்ளிவிடலாம். பாவிக்காத நேரத்தில் அணைத்து வைக்கலாம். ஆனால் கடும் மழை நாளில், வீட்டுக்கு வரும் செய்தி அந்த ரவுட்டர் வழியாகத்தான் வருகிறது என்றால், இரவில் அணைக்காதீர்கள்.

இடி மின்னல் வந்தால் இது மாறும். பிளக்கையும் செப்புக் கம்பி இருந்தால் அதையும் கழற்றிவிட்டு, சார்ஜ் நிறைந்த கைத்தொலைபேசியை வைத்துக்கொள்ளுங்கள்.

5. கடதாசி: பெயரும் முகவரியும்

லயத்துக் கடிதங்கள் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து கைமாறி வீடு சேர்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். லய அறைக்கென்று தனி முகவரி இல்லாதது இணைப்பு எடுக்கும்போதும் தடையாக வரலாம். டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியில் கட்டிய மகாத்மா காந்திபுரம் போன்ற புதிய குடியிருப்புகளில், ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வீடு. அங்கே வீட்டு இலக்கத்தைத் தெளிவாக எழுதி வாசலில் மாட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இவற்றைச் சேர்த்து வையுங்கள்: தேசிய அடையாள அட்டையும் அதன் பிரதியும், மின்கட்டணப் பட்டியல் அல்லது கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று, வீடு தோட்டத்துடையதாகவோ வேறொருவருடையதாகவோ இருந்தால் அனுமதிக் கடிதம், நீங்கள் வரைந்த பாதைப் படம். எந்தக் கடதாசி வேண்டும் என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். விண்ணப்பிக்கும் இடத்தில் கேட்டுக்கொண்டு, ஒரே தடவையில் கொண்டுபோங்கள். பூண்டுலோயா டவுனுக்கோ தலவாக்கலைக்கோ இரண்டு தடவை போய்வருவது ஒரு நாள் சம்பளத்தைத் தின்றுவிடும்.

அடையாள அட்டை மண்ணோடு போயிருந்தால், பொலிஸில் முறைப்பாடு பதிந்து, கிராம உத்தியோகத்தர் ஊடாகப் புதிய அட்டைக்கு விண்ணப்பியுங்கள். அதுவரை வேறொருவரின் பெயரில் சிம்மோ இணைப்போ எடுக்க வேண்டாம். பின்னால் அந்த இலக்கத்தால் பிரச்சினை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். இணைப்பு உங்களுடையது என்று நிரூபிக்கவும் உங்களால் முடியாது.

6. ஆள்: லயமே சேர்ந்து திட்டமிட்டால்

பன்னிரண்டு வீடுகள் உள்ள ஒரு லயத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு பேரும் தனித்தனியாக விண்ணப்பித்தால், கம்பனிக்காரர் பன்னிரண்டு தடவை அந்த மலை ஏற வேண்டும். மழையால் பாதை வழுக்கும் நாட்களில் எத்தனை தடவை வருவார்? ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் வேலைக்குப் போகாமல் காத்திருக்க வேண்டும். ஒரு முழுப்பேர் போய்விடும். சொன்ன நாளில் அவர் வராவிட்டால் இன்னொரு பேரும் போகும்.

அதே லயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கூடிப் பேசினால் என்ன ஆகும்? ஒரு தாளில் ஐந்து பத்தி போடுங்கள்: வீட்டு இலக்கம், எந்த வகை இணைப்பு, பிளக் பொயின்ட் தயாரா, கடதாசி தயாரா, பகலில் வீட்டில் யார் இருப்பார். ஐந்து வீட்டுக்குக் கேபிள், நான்கு வீட்டுக்கு 4ஜி, மூன்று வீட்டுக்குக் கைத்தொலைபேசி போதும் என்று வரலாம். கேபிள் கேட்கும் ஐந்து வீடும் சேர்ந்து ஒரே நேரத்தில் விண்ணப்பித்து, ஒரே நாளைக் கேளுங்கள். கம்பத்தில் உள்ள பெட்டியில் ஐந்து பேருக்கும் இடம் இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். ஓய்வு பெற்ற ஒருவர் அன்று முழுவதும் இருந்து, வேலைக்குப் போனவர்களின் வீட்டையும் திறந்து காட்டலாம். இளைஞர் இருவர் பாதை முடியும் இடத்திலிருந்து ஏணியும் கேபிள் சுருளும் தூக்கி வர உதவலாம்.

வருபவரின் கம்பனி அடையாள அட்டையைப் பார்த்த பிறகே உள்ளே விடுங்கள். பெண்களோ பிள்ளைகளோ தனியாக இருக்கும் வீட்டில் இன்னொரு பெரியவர் உடன் இருக்கட்டும். கட்டணம் எதுவானாலும் பற்றுச்சீட்டு இல்லாமல் கையில் கொடுக்காதீர்கள்.

இணைப்பு பூட்டிய அன்று பார்க்க வேண்டியவை

ஆள் வாசலைத் தாண்டுவதற்கு முன் இவற்றைச் சோதியுங்கள்.

பிள்ளை படிக்கும் இடத்தில் இணையம் வேலை செய்கிறதா?
நீங்கள் படுக்கும் இடத்தில் போன் மணி கேட்கிறதா?
கேபிள் வீட்டுக்குள் நுழையும் துளையால் மழைத் தண்ணீர் வருமா? கேபிள் சுவருக்குள் வருமுன் வெளியே சற்றுக் கீழே தொங்கி, பிறகு மேலேறி நுழைந்தால் தண்ணீர் வெளியிலேயே சொட்டிவிடும்.
நடைபாதையில் யாருடைய கழுத்திலும் படாத உயரத்தில் கேபிள் போகிறதா?
கடவுச்சொல், இணைப்பு இலக்கம், பழுது அறிவிக்கும் இலக்கம் மூன்றும் எழுதிக் கிடைத்ததா?

எல்லாம் சரியென்றால் மட்டும் கையெழுத்து வையுங்கள். பழுதை அறிவித்தும் கம்பனி நீண்ட நாள் கவனிக்காவிட்டால், தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1900 இலக்கத்தில் முறையிடலாம்.

செய்தி வராத இரவுக்கும் ஒரு திட்டம்

மண்சரிவு எச்சரிக்கை மூன்று நிறங்களில் வரும். 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள்: விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் செம்மஞ்சள்: வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினால் சிவப்பு: வெளியேற வேண்டும்.

டவருக்கும் கரண்ட் வேண்டும். அதன் பற்றரியும் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். ஆகவே எவ்வளவு நல்ல இணைப்பு எடுத்தாலும் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அடிமுதல் வாய்வரை ஒரே அகலமுள்ள நேரான டின் ஒன்றை வெட்டவெளியில் வையுங்கள். அதில் சேரும் தண்ணீரின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்தால், அதுதான் பெய்த மழையின் மில்லிமீற்றர். பற்றரி ரேடியோ ஒன்றும் டோர்ச் ஒன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பெரட்டுக்கு ஆள் கூட்டத் தப்பு அடித்த வழக்கம் நம்முடையது. போன் எல்லாம் ஓய்ந்த இரவில், தப்போ கோயில் மணியோ எதை அடித்தால் லயமே எழுந்து வெளியேற வேண்டும் என்று இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். எங்கே போய்ச் சேருவது என்பதையும் முடிவு செய்யுங்கள். சிவப்பு எச்சரிக்கையின் அளவுக்கு மழை வந்துவிட்டால், போனில் செய்தி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

குடும்பத்தில் கலந்து பேச

1. நம் வீட்டுக்கு மூன்று வகையில் எது பொருந்தும்? ஏன்?
2. ரவுட்டர் எங்கே இருக்கும்? அங்கே பிளக் பொயின்ட் உண்டா?
3. வாசலிலிருந்து கம்பம் வரை நடந்து பார்த்தோமா? கம்பம் நேராக நிற்கிறதா?
4. கடதாசி உறையில் இன்னும் எது குறைகிறது?
5. இரவு இரண்டு மணிக்கு எச்சரிக்கை வந்தால் வீட்டில் யார் முதலில் எழுவார்? அவர் யாரை எழுப்புவார்?

ஐந்தாவது கேள்வியைப் பிள்ளைகளிடமும் கேளுங்கள். அவர்களுக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

நினைவில் வைக்க: அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119. இவற்றை ஒரு தாளில் பெரிதாக எழுதி, ரவுட்டருக்கு மேலே சுவரில் ஒட்டி வையுங்கள்.